லுவேகே நண்டு பரவிய விதம்

மார்ச் 3, 2068. காலை. மழை இல்லை.

லுவேகே கள நிலையம். எழுதுபவர் வடிவாம்பிகை, நன்னீர் நண்டு வகைப்பாட்டியல். நிலையத்தில் வேறு ஆள் இல்லை. மின்கலங்கள் நிறைந்திருக்கின்றன. ஓடை நீர் பதினேழு டிகிரி. பொறிக்கூடைகள் சரிபார்க்கப்பட்டன. இரைக்குக் கருவாடு. இங்கே அதை டகா என்கிறார்கள். நம் நெத்திலிக்கும் அதற்கும் வாசனையில் வித்தியாசமில்லை. பாதி கூடைக்கு, பாதி குழம்புக்கு.

இந்தப் பதிவேடு எனக்குப் பிறகு இங்கே வருகிறவருக்காக. நிலையக் கணினியில் எழுதுகிறேன். வெளி இணைப்பு இல்லாத கணினி என்று பயிற்சியில் சொன்னார்கள். அதைச் சரிபார்க்க எனக்குத் தெரியாது. சொன்னார்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

வேலை இதுதான். பொட்டமோனாட்டஸ் லுவேகென்சிஸ் என்ற ஆற்று நண்டு, கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் இந்த ஒரே ஓடையில் வாழ்கிறது. பெயர் வைத்தது நான். ஓடைக்குக் குறுக்கே அணை கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. ஓர் உயிரினத்துக்கு இருக்கும் ஒரே இடத்தை மூழ்கடிக்கக் கூடாது என்பது சட்டம். நிறுவனமோ, இதே நண்டு மலைக்கு அப்பால் கிபோமா, சோலேவா, நியாந்தி என்ற மூன்று பள்ளத்தாக்குகளிலும் இருப்பதாகத் தன் கருவிகள் கண்டறிந்துவிட்டன என்கிறது. அது உண்மையா என்று பார்க்க அனுமதி வாரியம் என்னை அனுப்பியிருக்கிறது.

நான் நம்பவில்லை. கடல் நண்டின் குஞ்சு நீரில் மிதந்து எங்கெங்கோ போகும். ஆற்று நண்டுக்கு அந்த வசதி கிடையாது. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வெளியே வரும். தாய் அவற்றை வயிற்றுமடிப்புக்கு அடியில் சுமந்து திரிந்து, பின்பு இறக்கிவிடும். இறக்கிவிட்ட கல்லுக்கு அடுத்த கல்லில் அவை குடியேறும். அதனால்தான் இந்த மலைகளில் ஓடைக்கு ஓர் இனம் இருக்கிறது. இப்படிப்பட்ட பிராணி மூன்று மலைமுகடுகளைத் தாண்டியது என்றால் யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இன்று கூடைகளில் விழுந்தவை: ஆண், பெண், குட்டி சுமந்த தாய்கள் எல்லாம் கலந்து. பெரியதும் சிறியதும். ஒன்று என் பெருவிரலைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. எல்லாம் வழக்கம்போல.

மார்ச் 10. மாலை. தூறல்.

கிபோமா பள்ளத்தாக்கு. கூடாரத்தில் எழுதி, நிலையத்தின் சொந்த வானொலி வழியே நிலையக் கணினிக்கு அனுப்புகிறேன்.

நண்டு இருக்கிறது. எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் இருக்கிறது. நிறம், கொடுக்கு, ஓட்டின் மேல்வரிகள் எல்லாம் லுவேகே நண்டு. கையடக்க மரபணுக் கருவியும் ஐயமில்லாமல் அதுதான் என்கிறது.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, எல்லாம் ஒரே அளவு. ஓடையில் கிழவனும் இருப்பான், பொடியனும் இருப்பான். இங்கே எல்லோரும் ஒரே நாளில் பிறந்து ஒரே சாப்பாடு சாப்பிட்டதுபோல் இருக்கிறார்கள். இரண்டாவது, ஈப்புழு. லுவேகேயில் வளர்ந்த நண்டு எதைத் தூக்கினாலும் அதன் ஓட்டில் கருப்பு ஈயின் புழுக்கள் ஒட்டியிருக்கும். நண்டின் முதுகில் வளர்ந்து ஈயாகிப் பறந்து போகிறவை. கிபோமா நண்டுகளின் ஓடு கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் காரணம் எனக்குத் தெரிய வேண்டும்.

மாலை ஜெயசிங் வானொலியில் வந்தான். கடற்கரை நகரத்தில் வாரியத்தின் ஒருங்கிணைப்பாளர் அவன். பாளையங்கோட்டைக்காரன், கல்லூரியில் என் துறையிலேயே இரண்டு வகுப்பு கீழே படித்தவன். இங்கே என் தமிழுக்குத் தமிழில் பதில் சொல்கிற ஒரே மனிதன்.

"என்னக்கா, நண்டு அம்புட்டுதா?"

"அம்புட்டுது."

"பொறவு என்ன? இருக்குன்னு எழுதிட்டு எறங்கி வாங்க. இங்க ஒருத்தன் நண்டு வறுவல் போடுதான். நம்மூரு மொளகு வாசன அப்படியே வருது."

"எப்படி வந்துச்சுன்னு தெரியாம இருக்குன்னு எழுத மாட்டேன்."

"நீங்க மாறவே இல்லக்கா. லேபுல உப்புத் தண்ணி உப்பா இருக்கான்னு சாட்சி கேட்ட ஆளுல்லா!"

சிரித்தேன். பிறகு யோசித்தேன். நண்டு அகப்பட்டதில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

மார்ச் 17. நண்பகல். நல்ல வெயில்.

சோலேவா பள்ளத்தாக்கு. தங்கல் வனத்துறைக் குடிசையில். இங்கேயும் நண்டு. இங்கேயும் ஒரே அளவு. எல்லாம் ஆண்.

கிபோமாவின் குறிப்புகளைத் திரும்பப் பார்த்தேன். அங்கேயும் எல்லாம் ஆண்தான். கூடைக்கு ஆண்கள் அதிகம் வருவது உண்டு என்பதால் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை கூடையை நம்பாமல் கல்லைப் புரட்டினேன், கரையில் வளை தோண்டினேன். மேல் ஓடையைப் பார்க்க இங்குள்ள வனக்காவலர் உபெண்டோவின் உதவி கேட்டேன். உபெண்டோ என் வயதுப் பெண். அவர் பேசுவது சுவாஹிலி. இடையில் மொழிபெயர்ப்புக் கருவி. அந்தக் கருவி யாரிடம் தமிழ் கற்றதோ, உபெண்டோவை வடசென்னையில் பிறந்தவராகவே ஆக்கிவிட்டது.

"டாக்டரம்மா, நீ சொன்ன கல்லு அத்தினியும் பொரட்டிட்டேன். பொம்பள நண்டு ஒண்ணுகூட இல்ல. அல்லாம் ஆம்பளைங்க. டீக்கடை வாசல் மாதிரி கீது."

"முன்பு இந்த ஓடையில் இந்த நண்டைப் பார்த்திருக்கிறீர்களா?"

"நான் யானைக் காவல்மா. யானைய எண்றதுக்கே இங்க ஆள் இல்ல, நண்ட எங்க எண்றது? நீ சாப்ட்டியா, அத சொல்லு."

சாப்பிடவில்லை. ஒரு நண்டை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டின் இடப்பக்க விளிம்பில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், ஆறிப்போன ஒரு பள்ளம். பழைய காயம். அடுத்த நண்டை எடுத்தேன். அதே பக்கம், அதே பள்ளம். அடுத்ததிலும் அதுவே. வாளியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

இந்தக் காயத்தை எனக்குத் தெரியும்.

மார்ச் 18. காலை.

தூங்கி எழுந்தும் அதே முடிவுதான். எழுதிவிடுகிறேன்.

ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஓர் உடலைத் தேர்ந்து, பெயரை அதனோடு கட்டிப்போடுவோம். அதைப் பெயர்ச்சான்று என்போம். பின்னால் சந்தேகம் வந்தால் அந்த உடலிடம் போய்க் கேட்கலாம். ஆற்று நண்டில் அது வழக்கமாக வளர்ந்த ஆணாக இருக்கும். இனத்தைப் பிரித்தறிய உதவும் உறுப்பு ஆணிடம்தான் இருக்கிறது.

வெளியாட்கள் தவறுவது இங்கேதான். பெயர்ச்சான்று என்றால் அந்த இனத்திலேயே மிகச் சரியானது, மற்றதெல்லாம் அதைப்போல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. அது அன்று கைக்குக் கிடைத்த ஒரு நண்டு. நொண்டியாக இருக்கலாம், காயம்பட்டதாக இருக்கலாம். லுவேகே நண்டின் பெயர்ச்சான்று காயம்பட்டது. இடப்பக்க விளிம்பில் பள்ளம். நீர்நாய் கடித்திருக்கும் என்று என் கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த உடலின் முழு ஸ்கேன் பொதுப் பதிவகத்தில் இருக்கிறது. விதிப்படி யாரும் எடுக்கலாம். மருத்துவமனையில் கெட்டுப்போன ஈரலுக்குச் செய்வதைத்தான் இவர்கள் செய்திருக்கிறார்கள். உருவத்தின் ஸ்கேனை அச்சாக வைத்து, அதில் உயிரணுக்களை அடுக்கி வளர்த்திருக்கிறார்கள். உயிரோடு நடக்கிறது, தின்கிறது, கவ்வுகிறது. காயம் பட்டதே இல்லை, ஆனால் தழும்போடு பிறந்திருக்கிறது. ஆணின் அச்சு என்பதால் எல்லாம் ஆண்.

இவை பெருகப் போவதில்லை. அணை எழும்பும் வரை இருந்தால் போதும் என்று செய்தவை.

தழும்பைப் பற்றி மட்டும் எழுதி, ஈப்புழுவைச் சேர்க்காமல், அறிக்கையை வாரியத்துக்கு அனுப்பினேன். பிறகு ஜெயசிங்கைக் கூப்பிட்டேன்.

"ஜெயசிங்கு, இது நண்டே இல்ல. பண்ணின பொருளு."

"கடிக்குதாக்கா?"

"கடிக்குது."

"கடிச்சா நண்டுதானக்கா!" சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "சரி, அறிக்கைய மேல அனுப்பிட்டேன். நீங்க தனியா கெடக்கிய. கதவப் பூட்டிட்டுப் படுங்க."

எதற்காகப் பூட்ட வேண்டும் என்று கேட்டேன். இணைப்பு அறுந்துபோயிருந்தது.

மார்ச் 30. காலை. பெருமழை தொடங்கிவிட்டது.

நியாந்தியிலும் அதே தழும்பு நண்டுகள்தான். வாரியத்தின் பதில் வந்தது. முழுவதையும் இங்கே சேர்க்கவில்லை. சாரம் இது: ஓர் இடத்தில் ஓர் இனம் இருக்கிறதா என்பதற்குச் சட்டம் கேட்பது பெயர்ச்சான்றோடு பொருந்துகிறதா என்பதை மட்டுமே. எப்படி உண்டானது என்று சட்டம் கேட்கவில்லை. மூன்று பள்ளத்தாக்கு நண்டுகளும் பெயர்ச்சான்றோடு நூற்றுக்கு நூறு பொருந்துகின்றன. லுவேகே ஓடை நண்டுகளின் சராசரிப் பொருத்தம் தொண்ணூற்றொன்று. ஆகவே லுவேகே நண்டுகள்தாம் ஐயத்துக்குரியவை; அணைக்கு அனுமதி உண்டு.

மூன்று முறை படித்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜெயசிங் தானாகவே அழைத்தான்.

"அக்கா, அவனுவ சொல்லுதத வச்சே அவனுவள மடக்கலாம்லா? லுவேகே நண்டு வேறன்னு அவனுவளே எழுதிட்டானுவ. வேறன்னா வேற பேரு வச்சிருங்க. புது இனம், அந்த ஓடையில மட்டும்தான் இருக்கு. பதிவு பண்ணின அன்னைக்கே அணைக்குத் தட போட்டுருவாங்க. விதி அப்படி."

"அது வேற இனம் இல்ல. பொய்யி."

"பொய்யிதான். உங்களுக்கு நண்டு வேணுமா, நெசம் வேணுமா?"

இவன் ஏன் எனக்கு வழி சொல்கிறான் என்று ஒரு கணம் தோன்றியது. ஊர்ப்பாசம் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 5. பிற்பகல். மழை விட்டிருக்கிறது.

லுவேகே நிலையத்துக்குத் திரும்பிவிட்டேன். புதுப் பெயர் என்றால் புதுப் பெயர்ச்சான்று வேண்டும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஒன்றைத் தேடி இறங்கினேன்.

நான் இல்லாத நாட்களில் யாரோ வந்து போயிருக்கிறார்கள். கரையில் வண்டித் தடம் இல்லை, மழை அழித்திருக்கும். கூடைகளில் விழுந்த ஆண்கள் எல்லோருக்கும் இடப்பக்க விளிம்பில் பள்ளம். என் ஓடையில். ஒரு மாதம் முன்பு பெருவிரலைக் கவ்விய பயல்கள் ஒருவனும் இல்லை. பெண்களும் இல்லை.

இன்னொன்று. இந்தப் பள்ளம் விழுந்த நண்டுகளின் ஓட்டில் இப்போது ஈப்புழு ஒட்டியிருக்கிறது. மார்ச்சில் இல்லாதது. எல்லாவற்றிலும் வலப்புறக் கொடுக்கின் அடியில், ஒரே இடத்தில், இரண்டு புழு. இரண்டும் செத்தவை.

புழு இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒருவேளை உபெண்டோவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேனோ? அழைத்துக் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று கேட்ட பிறகு தெரிந்தது.

"இன்னாமா, என்ன சந்தேகப்பட்றியா? ஈயப்பத்தி நீ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எங்க அத்தைக்கு அந்த ஈ கடிச்சி கண்ணு போச்சு. நீ பேசி இருந்தா நான் மறப்பனா? நல்லா கேட்டியே ஒரு கேள்வி."

மன்னிப்புக் கேட்டேன். கருவி அதை எப்படி மொழிபெயர்த்ததோ, அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஏப்ரல் 8. காலை.

அருவிக்கு மேலே, கை நுழையாத ஒரு பாறையிடுக்கில் ஒரு தாய். ஓட்டில் உயிருள்ள புழுக்கள், அங்கும் இங்குமாக. இடப்பக்க விளிம்பு முழுசு. வயிற்றுமடிப்புக்கு அடியில் நிறையக் குட்டிகள், இன்னும் சில நாளில் இறங்கிவிடும் பருவம். வெளியே எடுக்கும்போது வலப்பக்கம் மூன்றாவது காலை என் இடுக்கியிலேயே கழற்றிவிட்டுத் தப்பப் பார்த்தது. ஆபத்தில் நண்டு செய்வதுதான்.

மூன்று நாளாக ஓடை முழுக்கத் தேடிவிட்டேன். உண்மையான லுவேகே நண்டு என்று என்னால் சத்தியம் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

பெண்ணைப் பெயர்ச்சான்றாக வைக்கக் கூடாது என்று விதி இல்லை. வழக்கம் இல்லை, அவ்வளவே. ஆனால் பெயர்ச்சான்று உயிரோடு இருக்க முடியாது. உடலைச் சாராயத்தில் இட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். ஸ்கேனை அன்றே பதிவகத்தில் ஏற்ற வேண்டும். பதிவானால் தடை. தடை இல்லாவிட்டால் அடுத்த வாரம் அருவிக்குக் கீழே வெடி வைக்கிறார்கள்.

ஓடையைக் காப்பாற்ற, ஓடையில் மிஞ்சியிருக்கும் ஒன்றைக் கொல்ல வேண்டும்.

காலை முழுவதும் வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாய் வாளியின் ஓரத்தில் ஒதுங்கி, மடிப்பை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 8. மாலை.

குட்டிகளை மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றாக இறக்கினேன். பாசி போட்ட தொட்டியில் விட்டிருக்கிறேன். நடக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன.

தாயைப் பனிக்கட்டியில் வைத்தேன். உணர்வு போன பிறகு சாராயத்தில்.

புதுப் பெயர்: பொட்டமோனாட்டஸ் டூபியஸ். 'ஐயத்துக்குரியது' என்று பொருள். பொய்ப் பெயர்தான். அதற்குள் என்னால் வைக்க முடிந்த உண்மை அவ்வளவுதான்.

ஸ்கேன் ஏற்றப்பட்டது. இரண்டாவது முறைதான் சரியாக வந்தது.

ஏப்ரல் 12. காலை. வெயில்.

தடை வந்துவிட்டது. வாரியத்தின் முத்திரையோடு. ஜெயசிங் கத்தியே விட்டான்.

"ஜெயிச்சிட்டியளேக்கா! வெடிய வண்டியில திருப்பி ஏத்துதானுவ. நான் கண்ணால பாத்தேன்!"

குட்டிகள் கருவாட்டுத் தூளைத் தின்கின்றன. முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

மே 4. காலை.

உபெண்டோ அழைத்தார். கோபம் தீர்ந்திருக்கிறது.

"டாக்டரம்மா, நல்ல சேதி! என் ஓடையில பொம்பளைங்க வந்துட்டாங்கோ. வயித்து மடிப்பு அகலமா! அத்தினியும் தாயிங்க. ஆனா ஒரு சந்தேகம். உங்க நண்டுல பொம்பளைங்களுக்கு வலது பக்கம் ஒரு காலு கம்மியா? மூணாவது காலு. நான் பாத்த அல்லாத்துக்கும் இல்ல."

ஏப்ரல் 8 பதிவைத் திறந்தேன்.

"டாக்டரம்மா? கீறியா?"

மே 4. மாலை.

வாரியத்தின் கடிதம் வந்துவிட்டது. டூபியஸ் இப்போது மூன்று பள்ளத்தாக்குகளிலும் இருக்கிறது. தடை நீங்கியது.

அவர்களிடம் ஆண் இருந்தது, பெண் இல்லை. ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் காட்டினால் எந்த நீதிமன்றமும் வாயை மூடிக்கொள்ளும். பெண்ணை நான் கொடுத்தேன். நானே பிடித்து, நானே கொன்று, நானே ஏற்றினேன்.

ஈப்புழு இல்லை என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் எழுதினேன். இங்கே.

மே 5. காலை.

ஜெயசிங்கை நான்தான் அழைத்தேன். ஒரே கேள்விதான் கேட்டேன்.

"பதிவேட்டப் படிச்சது யாரு?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான்தாங்க்கா. மொதல்ல, தனியா கெடக்கியளே, காய்ச்சல் கீய்ச்சல் வந்துருமோன்னுதான் படிச்சேன். சத்தியமா. பொறவு அணைக் கம்பெனிக்காரங்க கேட்டாங்க."

"பேரு வைக்கச் சொன்னதும் அவங்களா?"

"அக்கா, ஒரு ஓடையில கெடந்தது இன்னைக்கு நாலு ஓடையில கெடக்கு. கீழ ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு நடுவுல கரண்டு போவுது, அதப் பாத்திருக்கியளா? நான் பாத்தேன். நண்டு நண்டா இருக்கு, மனுசன் மனுசனா இருக்கட்டும். இதுல யாருக்கு என்ன நட்டம்?"

தொட்டியில் கொஞ்சம் கருவாட்டுத் தூளைத் தூவினேன். 

"தொட்டியில அந்தக் குட்டிங்க இருக்கில்லா," என்றான் கடைசியில். "அதையும் கேக்குதாங்க. வித்தியாச வித்தியாசமா கொஞ்சம் அச்சு இருந்தா நல்லா இருக்குமாம். எல்லாம் ஒண்ணு போல இருக்குன்னு நீங்க எழுதியிருந்தியள்லா. வியாழக்கிழம வண்டி வரும். குடுத்து விட்டுருங்க."

தொட்டியில் இருப்பது அவ்வளவுதான். உலகத்தில் இருப்பதும்.

மே 6. காலை.

தொட்டி காலி. அகன்ற பாத்திரம், ஈரப்பாசி, நடை. எங்கே என்பதை எழுதவில்லை. நிலைய வண்டியை எடுக்கவில்லை. இருப்பிடங்காட்டியை அணைத்துவிட்டேன்.

மே 14. நண்பகல்.

திரும்பிவிட்டேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன.

நிலையத்தின் முன்னால் வண்டி நிற்கிறது. ஜெயசிங்கே வந்திருக்கிறான், நிறுவனத்து ஆட்களோடு. பின்வழியாக நுழைந்து உள்ளே பூட்டிக்கொண்டேன். வாசல் கருவியில் அவன் குரல் கேட்கிறது. மூச்சு வாங்குகிறது அவனுக்கு. பருத்துவிட்டான்.

"அக்கா, உள்ளதான் இருக்கியன்னு தெரியும். ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் இருக்கேம்லா. எங்க விட்டிய, அத மட்டும் சொல்லுங்க."

"எத விட்டேன்?"

"வெளையாடாதிங்கக்கா. இவங்க ரெண்டு நாளா இங்கயே கெடக்காங்க."

"டீ போட்டுக் குடுத்தியா?"

"அக்கா!"

எனக்குப் பிறகு வருகிறவருக்காக என்று தொடங்கினேன். யாருக்காக எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரியும். ஆகவே உங்களுக்கே சொல்கிறேன். ஒன்றுபோல் இல்லாத குட்டிகள் அவை. ஒன்றுக்குக் கொடுக்கு சிறியது, ஒன்று மற்றதைவிடக் கருப்பு, ஒன்று எதைக் கண்டாலும் கவ்வும். அளக்கவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை, எண்ணவும் இல்லை. ஓர் ஓடையின் பக்கத்தில் முழங்காலிட்டுப் பாத்திரத்தைச் சாய்த்தேன். கல்லுக்கு அடியில் போய்விட்டன. எந்த மலை, எந்தத் திசை என்பது ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலையை ஸ்கேன் செய்ய இன்னும் விதி இல்லை என்று நினைக்கிறேன்.

பழைய அருங்காட்சியகங்களில் சில ஜாடிகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே அருமையான நண்டு இருக்கும், வெளியே சீட்டில் ஒரு கண்டத்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். ஊர் இல்லை, ஆறு இல்லை. அப்படி எழுதிவிட்டுச் செத்துப்போனவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

கதவை இடிக்கிறார்கள். பதிவை முடிக்கிறேன்.

*கணினி: நண்டு விடுவிப்புப் பதிவு முழுமையாக இல்லை. இருப்பிடங்காட்டி இயங்கவில்லை. இடத்தைத் தட்டச்சு செய்யவும்.*

எழுத விருப்பமில்லை.

*கணினி: இடம் இல்லாத பதிவு ஏற்கப்படாது. இடம்?*

ஆப்பிரிக்கா.